கைவேலையும் கணினியும்: நாவலப்பிட்டி வட்டாரப் பாடசாலைகளின் ஒரு நூற்றாண்டு

நாவலப்பிட்டி அமைந்த கண்டி மாவட்டத்துப் பாடசாலைகளில் கைவேலைக் கல்வி என்ற பேச்சு 1930களிலேயே எழுந்துவிட்டது. கணினி வந்தது அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து. கைவேலைப் பாடம் வந்தபோது பெற்றோர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கணினி வந்தபோது கடன்பட்டாவது பிள்ளையை அனுப்பினார்கள். ஒரே பிள்ளைக்காக வந்த இரண்டு பாடங்களுக்கு இப்படி இரண்டு விதமான வரவேற்பு கிடைத்ததன் காரணம் மலையகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. இரண்டும் இன்றுவரை சேராமல் நிற்பதற்கும் அதுவே பெரிய காரணம்.

கண்டி மாவட்டத்தின் தெற்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்த நாவலப்பிட்டிக்கு 1874இல் ரயில் வந்தது. பாதை இங்கிருந்து ஹட்டனை நோக்கிச் செங்குத்தாக ஏறுகிறது. 44 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்கள் அதில் உண்டு. ஏற்றத்துக்குத் துணை எஞ்சின் தேவைப்பட்டதால் எஞ்சின் கொட்டகையும், அதைச் சார்ந்து பிட்டர்மாரும் கொல்லர்களும் இந்த ஊரில் நிலைகொண்டார்கள். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துக்கு ஓர் ‘இஸ்டோர்’, அதாவது தேயிலைத் தொழிற்சாலை. அதற்குள் கொழுந்து உருட்டும் இயந்திரம், காயவைக்கும் அடுப்பு, நீளமான வார்ப்பட்டைகள். கையும் இயந்திரமும் இவ்வளவு நெருங்கிப் புழங்கிய ஊர்கள் இலங்கையில் அதிகமில்லை. ஆனால் அந்த அறிவு எதுவும் பாடசாலை வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

தோட்டப் பாடசாலை உருவான விதம் அப்படி. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமீது வைத்தது. பெரும்பாலான இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் கணக்கு, அவ்வளவுதான் பாடம். 10 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு எடுக்கக்கூடாது என்று 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் சொன்னது. பாடசாலை முடியும் வயதும் வேலைக்குப் பெயர் பதியும் வயதும் ஒன்றாகவே இருந்தன. பிள்ளைக்குக் கைவேலையைப் பாடசாலை சொல்லித்தர வேண்டிய தேவை அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கவும் புல் வெட்டவும் மலையே கற்றுக்கொடுத்தது. மூங்கிலைப் பிளந்து கொழுந்துக்கூடை பின்னத் தெரிந்த பெரியவர்கள் தோட்டக் குடியிருப்பான லயத்திலேயே இருந்தார்கள். உழைப்பதற்கென்றே கை பிறந்ததாக எண்ணப்பட்ட இடத்தில், கையால் யோசிக்கவும் முடியும் என்பதை எந்தப் பாடசாலையும் சொல்லவில்லை.

அதே கண்டி மாவட்டத்தில், தோட்டங்களுக்கு வெளியே, கையால் யோசிப்பதற்குப் பல நூற்றாண்டு மரபு இருந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிச் சிற்பிகளோடும் ஓவியர்களோடும் பழகி, அவர்களுடைய தொழிலையும் கற்பிக்கும் முறையையும் 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெரிய நூலில் பதிவுசெய்தார். கைவினைஞரின் பிள்ளைக்கு முதல் பாடம் ‘வக்க தெக்க’ எனப்படும் இரட்டை வளைவு. அந்த ஒரு வளைவு கைக்கு வசப்படும் வரை அடுத்ததற்குப் போவதில்லை. பிறகு வளைவோடு வளைவைச் சேர்த்துக் கொடி, கொடியோடு கொடியைச் சேர்த்து இலைக்கொத்து என்று வேலை விரிகிறது. சிறிய அலகு ஒன்றை முழுமையாகக் கற்று, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் பெரியதைக் கட்டும் இந்த முறையைப் பின்னாளில் கணினி நிரல் எழுதுவோர் தங்கள் துறையின் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள்.

அதே மாவட்டத்துத் தும்பறைப் பாய் இன்னும் தெளிவான சான்று. ஹண எனப்படும் மருள்வகைச் செடியின் நாரைச் சாயமிட்டு, தரையோடு ஒட்டிய தறியில், தரையில் உட்கார்ந்தபடியே நெய்கிறார்கள். ஒவ்வொரு வரிசையிலும் எந்தப் பாவிழை மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்பதை எண்ணித் தீர்மானித்துக் குச்சி செருகினால்தான் யானையோ மானோ பூவோ உருவாகும். இழைக்கு மேல், கீழ் என இரண்டே நிலை. பிரான்சில் ஜக்கார்ட் 1804ஆம் ஆண்டளவில் துளையிட்ட அட்டைகளைத் தறியில் பொருத்தி இதே தீர்மானத்தை இயந்திரத்திடம் ஒப்படைத்தார். அந்த அட்டையே பின்னர் கணக்கிடும் இயந்திரங்களுக்கும் கட்டளை கொடுக்கும் வழியாயிற்று. தும்பறை நெசவை யுனெஸ்கோ 2021இல் மனிதகுலத்தின் மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்தது. மாவட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது கடையில் தொங்கும் சுவர் அலங்காரம் மட்டுமே.

கைவேலையைப் பாடசாலைக்குள் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சியும் இந்த மாவட்டத்தில்தான் நடந்தது. எம்பக்கே தேவாலயத்தின் மரச்செதுக்கல்களுக்கு அருகே, உடுநுவரையிலுள்ள ஹந்தெஸ்ஸ என்ற ஊரில் 1930களின் தொடக்கத்தில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கியது. ஊரின் விவசாயம், கைத்தொழில், சுகாதாரம் ஆகியவற்றைச் சுற்றியே எழுத்தும் கணக்கும் அமைய வேண்டும் என்பது அதன் கொள்கை. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அதற்கு ஆதரவு கொடுத்தார். காந்தி வார்தாவில் கைத்தொழிலை மையமாகக் கொண்ட ஆதாரக் கல்வியை அறிவித்தது 1937இல்தான் என்பதை நினைத்தால், ஹந்தெஸ்ஸ முந்திக்கொண்ட முயற்சி. ஆனாலும் அது நீடிக்கவில்லை. ஆங்கிலம் படித்தவனுக்கே அரசாங்க வேலை கிடைத்த காலத்தில், மண்வெட்டியும் பன்னவேலையும் கற்பிக்கும் பாடசாலை தங்கள் பிள்ளைகளைக் கிராமத்திலேயே கட்டிப்போடும் என்று பெற்றோர் அஞ்சினார்கள். கன்னங்கராவின் கவனமும் 1940களில் மத்திய கல்லூரிகள் பக்கமும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பக்கமும் திரும்பியது. தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் கையில் இருந்ததால் ஹந்தெஸ்ஸத் திட்டம் அவற்றுக்கு எட்டவே இல்லை.

பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. தமிழ்நாட்டிலும் அதே அச்சம் அரசியலையே புரட்டியிருக்கிறது. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பிள்ளை அரைநாள் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெரியார் தலைமையில் போராட்டம் பெருகியது. 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைக்கவே கற்க வேண்டுமென்றால், கைவேலையின் கல்விப் பயன் எவ்வளவு உயர்ந்ததானாலும் அது பூட்டுத்தான். மலையகத்துக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அங்கே பெற்றோரின் தொழில் என்றால் கொழுந்து.

இலங்கையில் அடுத்த முயற்சி 1972இல் வந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத், நாவலப்பிட்டிக்கு அடுத்த நகரமான கம்பளையின் சாஹிராக் கல்லூரியில் அதிபராக இருந்தவர். அவர் காலத்துச் சீர்திருத்தம், இடைநிலை வகுப்புகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொழில் முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. மரவேலை, மட்பாண்டம், நெசவு, மீன்பிடி என அந்தந்த ஊரில் நடக்கும் தொழிலிலிருந்தே பாடம் அமைய வேண்டும். பிள்ளைகள் அந்தத் தொழிலிடத்துக்கே போய்ப் பார்த்து, கேட்டு, எழுதிவர வேண்டும். தாளில் பார்த்தால் இன்றைக்கும் போற்றத்தக்க பாடவிதானம். நடைமுறையில் ஆசிரியர் பயிற்சி போதவில்லை, ஆயுதங்களும் மூலப்பொருளும் போதவில்லை. பாடத்தைத் திறம்படச் செய்த பாடசாலைகளும் இருந்தன. பெரும்பாலானவற்றில் அது குறிப்புக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்யும் இன்னொரு பாடமாகச் சுருங்கியது. 1977இல் ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது.

தோட்டத்துப் பிள்ளைகளில் மிகப் பலர் அந்த வகுப்புகளையே எட்டவில்லை, ஏனெனில் தோட்டப் பாடசாலை பெரும்பாலும் 5ஆம் வகுப்போடு நின்றுவிட்டது. 1960இல் அரசாங்கம் உதவிபெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் இவை வெளியே விடப்பட்டன. 1977ஆம் ஆண்டிலிருந்தே படிப்படியாக அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அதே எழுபதுகளில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, குடும்பம் குடும்பமாக மக்கள் மலைநாட்டு ரயிலேறித் தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1948இல் தோட்ட மக்களிடமிருந்து பறிபோன குடியுரிமை திரும்பாத நிலையில், எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாத ஒரு வீட்டில், ஊரின் தொழிலைப் பாடமாக்குவது யாருக்கும் அர்த்தப்பட்டிருக்காது.

கைவேலை 1980களில் ‘வாழ்க்கைத்திறன்’ என்ற பெயரிலும், பிறகு செயன்முறைத் தொழினுட்பத் திறன் என்ற பெயரிலும் 6 முதல் 9 வரையான தரங்களில் திரும்பிவந்தது. தையல், மின்சுற்று, மரவேலை, சமையல், தோட்டம் என்று கலவையான பாடம்.

கணினி வேறு வாசல் வழியாக வந்தது. 1984இல் அமைக்கப்பட்ட கணினி, தகவல் தொழினுட்பப் பேரவையும் பேராசிரியர் வி. கே. சமரநாயக்கவின் உழைப்பும் நாட்டில் கணினி பற்றிய ஆர்வத்தை வளர்த்தன. 1980களில் சில பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் கணினி கிடைத்தது. 1990களில் கணினி வள நிலையங்கள் தோன்றின. 2000த்துக்குப் பிறகு உயர்தர மாணவர்களுக்குப் பொதுத் தகவல் தொழினுட்பப் பரீட்சையும், சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்ற பாடமும் வந்தன. 2005ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘அறிவகம்’ நிலையங்கள் விகாரை, கோயில், சனசமூக நிலையம் என எங்கெங்கோ திறக்கப்பட்டன. நகரங்களில் தனியார் வகுப்புகள் பெருகின. ஆறு மாதப் படிப்பு, முடிவில் ஒரு சான்றிதழ். கொழும்பில் ஒரு கடையிலோ கந்தோரிலோ வேலை கிடைக்க அந்தச் சான்றிதழ் உதவும் என்பதே கணக்கு. கைவேலை ‘இங்கேயே இரு’ என்றது. கணினி ‘நீ போகலாம்’ என்றது. தோட்டத்துப் பெற்றோர் எதைத் தேர்ந்தார்கள் என்பதில் வியப்பில்லை. ஆனால் போகும் அவசரத்தில் கணினியும் தட்டச்சுப் பொறியின் இடத்தையே பிடித்தது. விசைப்பலகைப் பழக்கம், கடிதம் தட்டுதல், அட்டவணை போடுதல் ஆகியவையே கணினி என்று ஒரு தலைமுறை கற்றது.

கணினியைப் பிள்ளைகளுக்கென்று முதலில் சிந்தித்தவர்கள் இப்படி நினைத்திருக்கவில்லை. சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் 1967இல் அமெரிக்காவில் லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். அக்காலத்தில் மாசசூசெற்ஸ் மாநிலத்துப் பாடசாலை ஒன்றில் கணித வகுப்புக்குப் போகும் வழியில் பேப்பர்ட் தினமும் சித்திர அறையைக் கடந்து போவார். உள்ளே பிள்ளைகள் சவர்க்காரக் கட்டியைச் செதுக்கிக்கொண்டிருப்பார்கள். வாரக்கணக்காக அதே வேலை, ஆளுக்கொரு உருவம், அவரவர் கற்பனை, இடையில் யோசிக்கவும், மற்றவர் செய்வதைப் பார்க்கவும், பிழைத்தால் வேறு வழி தேடவும் நேரம். கணித வகுப்பு ஏன் இப்படி இருக்கக்கூடாது என்ற கேள்வி அங்கே பிறந்ததாக அவரே பின்னர் எழுதினார். லோகோவில் பிள்ளை ஓர் ‘ஆமை’க்குக் கட்டளை கொடுக்கும்: முன்னே 50, வலமாக 90, இதை நான்கு முறை. திரையில் சதுரம் விழும். 90ஐ 72 ஆக்கி, நான்கை ஐந்தாக்கினால் ஐங்கோணம். கோணம் என்பது அதற்குப் பிறகு பிள்ளையின் உடம்புக்கே தெரிந்த விடயம், ஏனென்றால் ஆமை எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்கப் பிள்ளை தானே எழுந்து நின்று திரும்பிப் பார்க்கும். கணினிக் கல்வி கைவேலை வகுப்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டே பிறந்தது என்பது மறக்கக்கூடாத வரலாறு. 2007இல் வந்த ஸ்க்ராட்ச் என்ற நிரல்மொழி லோகோவின் வழிவந்ததே. இலங்கையில் 2009இல் சில ஆரம்பப் பாடசாலைகளுக்குச் சோதனையாகக் கொடுக்கப்பட்ட சிறுவர் மடிக்கணினிகள் பேப்பர்ட்டின் கருத்துகளிலிருந்து பிறந்த ஒரு திட்டத்தைச் சேர்ந்தவை.

தமிழர் கைவேலையும் கணினியும் நேருக்கு நேர் சந்தித்தது தாம்பரத்தில். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோன்மணியும் ராணி சிரோன்மணியும், கமலா கிருதிவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுத முடியும் என்று 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கோலம் போடும் பெண் புள்ளிக்கோலத்தைப் படமாக அல்ல, கையின் அசைவுகளாகவே நினைவில் வைத்திருக்கிறாள் என்பது அந்த ஆய்வு வழியில் தெளிவாயிற்று: நேரே போ, புள்ளியைச் சுற்று, இடமாக வளை, திரும்ப அதையே செய். கிருஷ்ணனின் கொலுசு எனப்படும் கோலத்தை ஒரே ஒரு விதியால் வரைந்துவிடலாம். அந்த விதிக்குள் அதே விதியைப் பிரதியிட, கோலம் நான்கு மடங்காகப் பெருகும். லோகோவின் ஆமை போலவே ஊரும் பேனாவைக் கொண்டு இதே கோலத்தைத் திரையில் வரைந்து காட்டினார் பிரெமிஸ்வாப் புரூசின்கியேவிச் என்ற கணினி அறிஞர். அவர் பயன்படுத்திய எல்-முறைமைகள் செடிகொடிகளின் வளர்ச்சியை விளக்க உருவானவை. தைப்பொங்கல் விடியலில் லயத்து வாசலில் சாணம் தெளித்து, புள்ளி வைத்து, விரலிடுக்கில் மாவு ஒழுக இழுக்கும் சிறுமி செய்வதும் இதுதான். கோடு தொடங்கிய இடத்தில் வந்து சேராவிட்டால் எந்தத் திருப்பத்தில் பிழைத்தாள் என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பாள். நிரல் எழுதுவோரின் வேலையில் பாதி அதுவே. அவளுக்கு இவ்வளவும் தெரியும் என்பது மட்டும் அவளுடைய கணினிப் பாடப்புத்தகத்துக்குத் தெரியாது.

கை, கணினி இரண்டையும் இலங்கை அரசாங்கம் ஒன்றாக நினைத்த முதல் சந்தர்ப்பம் 2013இல் உயர்தரத்தில் தொடங்கப்பட்ட தொழினுட்பத் துறை. பொறியியல் தொழினுட்பவியல், உயிர்முறைமைகள் தொழினுட்பவியல், தொழினுட்பவியலுக்கான விஞ்ஞானம், தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்று பாடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அதே காலத்தில் இடைநிலைப் பாடசாலைகளில் மகிந்தோதய என்னும் பெயரில் ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன. கீழ் வகுப்புகளிலும் கணினிப் பாடம் விரிந்தது. ஸ்க்ராட்ச் வந்தது, 9ஆம் தரத்துக்கு நுண்கட்டுப்படுத்தி பற்றிய அலகும் வந்தது. விரல் நீளப் பலகை ஒன்று ஒரு விளக்கை எரியவும் சக்கரத்தைச் சுழலவும் செய்ய, பிள்ளை தன் கையால் கம்பியை இணைக்க வேண்டும். செயன்முறைத் தொழினுட்பத் திறன் பாடத்தில் மின்சுற்றும் மரவேலையும் அதே பிள்ளைக்கு வேறொரு பாடவேளையில் கற்பிக்கப்படுகின்றன. ஓர் ஆசிரியர் கம்பியைக் கொடுக்கிறார், இன்னொருவர் கட்டளையைக் கொடுக்கிறார். இருவரும் ஒரே அறையில் நிற்பதில்லை.

10ஆம் தரத்தில் அந்தப் பிரிவு சட்டமாகவே ஆகிவிடுகிறது. க.பொ.த. சாதாரண தரத்தின் மூன்றாம் தொகுதிப் பாடங்களில் கணினியும் இருக்கிறது. கலையும் கைப்பணியும், நிர்மாணத் தொழினுட்பம், பொறிமுறைத் தொழினுட்பம், மின், இலத்திரனியல் தொழினுட்பம், மனைப்பொருளியல் எல்லாம் அதே தொகுதியில் இருக்கின்றன. பிள்ளை எடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று. கணினியைத் தேர்ந்தவர் சுத்தியலைத் தொடமாட்டார். கைப்பணியைத் தேர்ந்தவர் நிரல் எழுதமாட்டார். கம்பளைக் கல்வி வலயத்துக்குள் வரும் நாவலப்பிட்டியின் பெரிய கல்லூரிகளில் அந்தத் தேர்வாவது உண்டு. மலைமேலிருக்கும் சிறு பாடசாலைகளில் எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அவருடைய பாடமே பிள்ளையின் தேர்வு.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1866இலேயே கைவேலையைப் பொதுப்பாடசாலையில் கட்டாயமாக்கிய பின்லாந்து, 2016இல் நடைமுறைக்கு வந்த தன் கலைத்திட்டத்தில் கணினி நிரலாக்கத்தைக் கைவேலைப் பாடத்துக்குள்ளும் வைத்தது. பிள்ளை தைக்கும் துணியிலும் செதுக்கும் மரத்திலும் உணரியையும் நுண்கட்டுப்படுத்தியையும் பொருத்தி, அதற்கான நிரலையும் தானே எழுதுகிறது. அங்கே கைவேலை எந்தச் சாதியின் தொழிலாகவும் எந்தத் தோட்டத்தின் கூலியாகவும் பாடசாலைக்குள் வரவில்லை. ஆண், பெண், ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் இன்று ஒரே பாடம். ஹந்தெஸ்ஸயில் தொடங்கி 1972 வரை இலங்கையில் கைவேலைக் கல்வி தோற்றதற்குக் கைவேலை காரணமல்ல. பயிற்சியும் பொருளும் போதாமையோடு, பிள்ளையின் எதிர்காலத்தை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடும் என்ற பயமும் காரணம். கணினியோடு சேரும்போது அந்தப் பயத்துக்கு இடமில்லை, ஏனென்றால் கூடை பின்னத் தெரிந்த பிள்ளை நிரலும் எழுதினால் அதை யாரும் லயத்துக்குள் கட்டிவைக்க முடியாது. இரண்டையும் சேர்ப்பதற்குப் புதிய கட்டடமோ புதிய பாடமோ வேண்டியதில்லை. 9ஆம் தரத்தின் நேர அட்டவணையில் கணினிக்கும் செயன்முறைத் திறனுக்கும் அடுத்தடுத்து இரண்டு பாடவேளை கொடுத்து, இரு ஆசிரியர்களையும் ஒரே அறையில் நிறுத்தும் அதிகாரம் ஒவ்வொரு அதிபரிடமும் ஏற்கெனவே இருக்கிறது.